மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு கையில் வலு ஏற்ற யோசனை வேண்டும்
வணக்கம். கீழே விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பின் நுனி உடைந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் முன்கை சூம்பிப்போய், தோசைக்கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மடக்கி நீட்டுகிறார், ஸ்பாஞ்சைப் பிழிகிறார். அது பரவாயில்லை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. சில்லறை வாங்கக் கை நீட்டினால் தோளையும் சேர்த்துச் சாய்க்கிறார். இது சரியாக உங்களுக்கு எது உதவியது?

அடுத்து எடை. முன்கையை மேசையில் வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலி கொஞ்ச நேரத்தில் அடங்கினால் தொடரலாம், மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் குறைக்க வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. ஒரு லிட்டருக்கு எப்போது மாறினீர்கள்? சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியை எந்தக் கட்டத்தில் தொடங்கச் சொன்னார்கள்? மணிக்கட்டில் பாரம் விழாமல் தோளுக்கும் முழங்கைக்கும் என்ன செய்தீர்கள்?

எதையும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வோம். அப்புறம், எண்ணெய் போட்டு நீவச் சொல்லாதீர்கள். அதற்கு வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.