லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து (வரிசை) வீட்டில் இருக்கிறோம். அப்பா 31 வருடம் வேலை செய்து போன மாதம்தான் ஓய்வு பெற்றார். தீபாவளிக்குள் வீட்டை விட்டுவிட வேண்டுமாம். அவரோ நேற்றுகூட வாசல் முருங்கைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். யார் காய் பறிக்கப் போகிறார்களோ!

டவுனில் மாடி வீட்டுக்கே மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். முன்பணம் வேறு இரண்டு மாதம். என் சம்பளம் அடிப்படைக் கூலி 1,700 வெள்ளிதான். அப்பாவின் இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் கைவைக்க மனமில்லை, அதுதான் அவர்களுக்குக் கஞ்சி.

பிபிஆர் வீடு (அரசாங்கத்தின் மலிவு வாடகை அடுக்குமாடி) என்றால் மாதம் 124 வெள்ளி, மூன்று அறை. மனு போட்டாச்சு, பதில் இல்லை. தோட்டத்திலிருந்து பிபிஆருக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? அப்பாவிடம் பழைய சம்பளச் சீட்டுகள் இல்லை, கறையான் தின்றுவிட்டது. அதற்குப் பதில் என்ன காட்டலாம்?

அப்புறம், 400 வெள்ளிக்குள் கீழ்வீடு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. உள்பெட்டியில் எழுதினாலும் சரி.