தார் வண்டிக்கு டயர்: தினமும் ஜி.எஸ்.டி. ரோடு, மாதம் ஒருமுறை களிமண் பாதை. ஏ.டி.யா (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன்), எம்.டி.யா (சேற்றுக்கான மட் டெரெய்ன்)?

மேடவாக்கத்தான்:

வணக்கம். வண்டி 2021 மஹிந்திரா தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். டயர் அளவு 255/65 ஆர் 18 (255 மி.மீ. அகலம், 18 அங்குல ரிம்). 48,000 கி.மீ. ஓடிவிட்டது. முன் டயர்களில் நடுவில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை) கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வெளி ஓரம் மொட்டை.

தினமும் மேடவாக்கத்திலிருந்து மறைமலை நகர், சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போக வர 60 கி.மீ. மாதம் ஒருமுறை ஆரணி வழியாகப் போளூர் பக்கம் சொந்த ஊர். கடைசி 3 கி.மீ. ஏரிக்கரையை ஒட்டிய வண்டிப்பாதை. சித்திரையில் சிமென்ட் மாதிரி இருக்கும், ஐப்பசியில் அல்வா மாதிரி ஆகிவிடும். போன தீபாவளிக்கு அந்த அல்வாவில் நின்றுவிட்டேன். சித்தப்பா டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார். "ஃபோர் வீலுன்னு சொன்னியேப்பா" என்று இன்றுவரை கேட்கிறார்.

நண்பன் 285/65 எம்.டி. போடச் சொல்கிறான். கடைக்காரரும் அதையே சொல்கிறார், "லுக்கே மாறிடும் சார்" என்று. இதற்கு நடுவில் 60-க்கு மேல் போனால் முன்பக்கம் 'ஊம்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் வீல் பேரிங் என்கிறார். ஐந்து டயருக்கும் சேர்த்து 75,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். என்ன வாங்கலாம்?

ஊரப்பாக்கம் ராத்திரி:

எனக்கும் இதே குழப்பம்தான். துண்டு போட்டுவிட்டேன்.

வண்டலூர் வாத்தியார்:

டயரை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தச் சத்தம். கடையில் நிற்கிற அவசரத்தில் புது டயரைப் போட்டுவிட்டால், பழையதைத் தின்ற கோளாறு புதியதையும் தின்னும்.

பேரிங் போயிருந்தால் ரோடு எப்படி இருந்தாலும் சத்தம் ஒரே மாதிரி வரும். லேசாக இடமும் வலமும் ஒடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். டயர் சத்தம் அப்படி இல்லை. புதுத் தார் போட்ட இடத்தில் அடங்கும், சொரசொர ரோட்டில் கத்தும்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாக ஒடித்து வண்டியை நிறுத்துங்கள். முன் டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளிருந்து வெளியே ஒரு தடவு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சொல்லுங்கள். கம்பி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மேடவாக்கத்தான்:

சார், இப்போதுதான் போன் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உள்ளே தள்ளித் தடவினால் வழவழ. வெளியே இழுத்தால் ரம்பம்! ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முனை கூராக நிற்கிறது. இடது முன் டயர் ரொம்ப மோசம். சத்தமும் நீங்கள் சொன்னபடிதான், பெருங்களத்தூர் தாண்டி நல்ல தார் ரோடு வந்ததும் குறைகிறது.

வண்டலூர் வாத்தியார்:

அப்படியானால் பேரிங் பாவம், அதை விடுங்கள். டோ அலைன்மென்ட் போயிருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் மூக்கை உள்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடுகின்றன, அதனால்தான் வெளி ஓரம் தேய்ந்து ரம்பமாகியிருக்கிறது. உங்கள் தார் வண்டியில் முன்பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சரிசெய்துவிடலாம். பின்னால் ஒரே அச்சு, அங்கே திருகுவதற்கு ஒன்றும் இல்லை. புது டயர் மாட்டுகிற அன்றே அலைன்மென்ட் செய்து, சரிசெய்வதற்கு முன்னும் சரிசெய்த பின்னும் வந்த அளவுகளை அச்சடித்து வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

பழைய ஜீப்காரன்:

தம்பி, எம்.டி. போட்டு இரண்டு வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு மழைநாளில் மற்ற வண்டிகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு நிற்க, என் வண்டி மட்டும் ஏறியது. அந்தச் சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். சேற்றில் எம்.டி.க்கு ஈடு எதுவும் இல்லை. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி பெரிசு, சக்கரம் சுற்றும்போது சேற்றைத் தானே உதறிவிடும்.

ஆனால் அந்த இடைவெளிதான் தார் ரோட்டில் வினை. ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. மெல்லிய வெட்டுகளும் அதில் குறைவு, ஈர ரோட்டைப் பிடிப்பதே அந்த வெட்டுகள்தான். ஒரு கார்த்திகை மாத மழையில் குரோம்பேட்டையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அரை அடி மிச்சம். அடுத்த வாரமே எம்.டி.யை விற்றுவிட்டேன். 80-க்கு மேல் போனால் பின் சீட்டில் இருப்பவரோடு பேச முடியாது, அது தனிக் கதை.

உனக்கு மாதம் 1,200 கி.மீ. ஜி.எஸ்.டி. ரோடு, 6 கி.மீ. சேறு. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஈக்காட்டுத்தாங்கல் டயர் பட்டறை:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் எந்தக் கடைக்கும் போகச் சொல்லப்போவதில்லை.

முதலில் அந்த 285/65. உங்கள் 255/65 ஆர் 18 டயரின் குறுக்களவு சுமார் 789 மி.மீ. 285/65 ஆர் 18 சுமார் 828 மி.மீ. 5 சதவீதம் பெரிசு. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 105-இல் போவீர்கள். இத்தனைக்கும் வண்டி உயர்வது 2 செ.மீ.தான். அதற்காக எடை கூடும், மைலேஜ் குறையும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உரசலாம். கம்பெனி கொடுத்த அளவை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைக் காட்டி யாராவது மடக்கினாலும், இன்ஷூரன்ஸில் கேள்வி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். களிமண்ணுக்கு அகல டயர் நல்லது என்பதும் பாதி உண்மைதான். மேலே சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் ஒடுக்கமான டயர்தான் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கிப் பிடிக்கும்.

எனவே 255/65-லேயே ஏ.டி. யோகோஹாமா ஜியோலேண்டர், அப்பல்லோ ஆப்டெரா, பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 என்று எல்லாரும் பெயர் சொல்வார்கள். பெயரைவிடப் பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது பாரம் தூக்கும் கட்டமைப்பு. பக்கச் சுவர் தடிமன், கல் குத்தினாலும் தாங்கும். ஆனால் அதே பாரத்துக்குக் காற்று கூடுதலாக வைக்க வேண்டும், உங்கள் கதவுத் தூண் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு அதற்குப் பொருந்தாது. குலுக்கலும் கூடும். பாறையில் ஏறாதவருக்கு அது தேவையில்லை. லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண்) மட்டும் பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறையக்கூடாது. மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரையைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது பனிக்கான சோதனை, மேடவாக்கத்தில் பனி பெய்யட்டும், அன்றைக்குப் பார்ப்போம்.

டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம் செய்தது. ஐந்து டயரிலும் பாருங்கள், நான்கு புதுசும் ஒன்று பழசுமாகக் கலந்துவிடுவது நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. வரி 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஊரப்பாக்கம் ராத்திரி:

குறுக்கே ஒரு சந்தேகம். காசு போதவில்லை என்றால் முன்னால் இரண்டு மட்டும் ஏ.டி. போட்டு, பின்னால் பழசையே ஓட்டலாமா?

ஈக்காட்டுத்தாங்கல் டயர் பட்டறை:

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் வேண்டவே வேண்டாம். தார் வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன் டயர் புதுசாகவும் பின் டயர் மொட்டையாகவும் இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டும் ஓடும் தூரம் வேறு. அந்த வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தாங்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஐந்தும் ஒரே டயர் வாங்கி, ஸ்டெப்னியையும் சேர்த்து 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

வேடிக்கையைப் பாருங்கள். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்.பில் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நம்மைச் சுற்றி டயர் தொழிற்சாலைகள்தான். ஆனாலும் ஒரு டயர் வாங்க நாம் பத்துப் பேரிடம் கேட்கிறோம்.

மேடவாக்கத்தான்:

சரி, ஏ.டி. என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சித்தப்பாவின் டிராக்டர் கண்முன் வந்துகொண்டே இருக்கிறது. ஏ.டி.யில் அந்தக் களியைத் தாண்ட முடியுமா, முடியாதா?

பழைய ஜீப்காரன்:

போன தடவை நின்றபோது டயரில் காற்று எவ்வளவு வைத்திருந்தாய்?

மேடவாக்கத்தான்:

ரோட்டில் ஓட்டிய அதே காற்றுதான் அண்ணா. குறைக்கவில்லை.

பழைய ஜீப்காரன்:

அங்கேதான் மாட்டியிருக்கிறாய். டயரில் பாதி, காற்றில் பாதி. பாதை ஆரம்பிக்கும் இடத்தில் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு. டயர் நீளவாக்கில் படிந்து பிடிக்கும். 15-க்குக் கீழே போகாதே, ரிம்மிலிருந்து கழன்றுவிடும். ஃபோர் எல் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓடும் ஃபோர் வீல் லோ) போட்டு இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போ. சக்கரம் சுழல ஆரம்பித்தால் உடனே காலை எடு. மிதிக்க மிதிக்க நீயே குழி தோண்டிக்கொள்வாய். களியில் ஏ.டி. பட்டன் அடைத்துக்கொள்ளும், அது உண்மை. அடைத்துவிட்டால் இறங்கி மண்வெட்டியால் சுரண்டு, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. முழங்காலளவு சேறு என்றால் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போ.

திரும்பும்போது தார் ரோடு ஏறுவதற்கு முன்னால் காற்றை நிரப்பிவிட வேண்டும். 20 பி.எஸ்.ஐ.யில் 90-இல் ஓட்டினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். அதற்கு ஒரு நல்ல கம்ப்ரெசர் வாங்கு. சிகரெட் லைட்டரில் செருகுவது வேண்டாம், பேட்டரியில் கிளிப் மாட்டுவது வாங்கு.

வண்டலூர் வாத்தியார்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். மத்தியானம் செங்கல்பட்டு போய் இறங்கி அளந்தால் 4, 5 கூடத்தான் காட்டும். கூடிவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், மறுநாள் காலையில் குறைந்து நிற்கும்.

மேடவாக்கத்தான் (ஐந்து வாரம் கழித்து):

அப்டேட். 255/65-லேயே ஏ.டி. ஐந்து போட்டாயிற்று, பேலன்சிங், அலைன்மென்ட் உட்பட 73,400. டோ நிஜமாகவே அளவு தப்பியிருந்தது, அச்சடித்த தாளில் முன் இரண்டும் சிவப்பாக வந்தன. 'ஊம்' சத்தம் போன இடம் தெரியவில்லை. பேரிங் மாற்றவில்லை. புது டயர் 80-க்கு மேல் லேசாக முனகுகிறது, மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

போன வாரம் ஊருக்குப் போனேன். இரண்டு நாள் மழை. ஏரி மதகிடம் நிறுத்திக் காற்றை 20-க்கு இறக்கினேன். முதல் 2 கி.மீ. சீராகப் போனது. புளியமரத் திருப்பத்தில் பட்டன் அடைத்து வழுக்கியது, பழக்கதோஷத்தில் மிதிக்கப் போய் காலை எடுத்துவிட்டேன். பின்னால் ஒரு வண்டி நீளம் வந்து வேறு தடத்தில் போட்டதும் ஏறிவிட்டது. சித்தப்பா களத்துமேட்டில் டிராக்டர் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரே சந்தேகம். திரும்பும்போது கம்ப்ரெசர் ஒவ்வொரு டயருக்கும் ஆறேழு நிமிடம் எடுத்தது, ஓஸ் தொட முடியாத சூடு. இது சரிதானா?

பழைய ஜீப்காரன்:

18 அங்குல டயருக்கு அவ்வளவு ஆகும். இன்ஜினை ஓடவிட்டு நிரப்பு, இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரெசரை ஐந்து நிமிடம் ஆறவிடு. ஓஸைத் துணி வைத்துப் பிடி.