புதுப்பிப்பு: மகளின் விரல் மூட்டுத் தடிப்புகளுக்குக் காரணம் தெரிந்தது

ஆறு வயது மகளின் விரல் மூட்டுகளில் ஆறாத தடிப்புகளும் கண்ணிமைகளில் கருமையும் இருப்பதாக அம்பாசமுத்திரத்திலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நகக்கண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கவும், தரையிலிருந்து கையூன்றாமல் எழுகிறாளா என்று கவனிக்கவும் சொன்ன அக்காவின் யோசனைதான் வழிகாட்டியது. நகத்தை ஒட்டிய தோலில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சிவந்த இழைகளாகப் புடைத்து வளைந்திருந்தன. அவளும் தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். பாளையங்கோட்டையில் குழந்தை மருத்துவரிடம் இவ்விரண்டையும் சொன்னதும் தொடைத் தசைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், தோலிலும் தசையிலும் அழற்சி உண்டாக்கும் இளம்பருவ டெர்மடோமயோசைடிஸ் என்ற நோய் என்று உறுதியானது.

நாங்கள் எதிர்பாராதது, தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் சி.பி.கே. என்ற நொதியின் அளவு இயல்பாக இருந்ததுதான். அந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து இந்நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்று மருத்துவர் விளக்கினார். மாநிறப் பிள்ளைகளுக்கு இமைத்தடிப்பு, படங்களில் உள்ளதுபோல் ஊதாவாக இல்லாமல் வெறும் கருமையாகவே தெரியக்கூடும் என்பதைத் தேடி வருவோர் அவசியம் நினைவில் கொள்ளுங்கள். முழங்கைத் தோலுக்கடியில் கடுகுபோல் தட்டுப்பட்டவை இந்நோயால் வரும் கால்சியம் படிவுகளாம்.

ஸ்டீராய்டும், நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரம் ஒருமுறையும் தொடர்கின்றன. வெயில் பட்டால் தடிப்பு கூடுவதால் முழுக்கைச் சட்டை அணிவிக்கிறோம். இப்போது மாடிப்படி ஏறுகிறாள். கால்சியம் படிவுகள் மட்டும் இன்னும் கரையவில்லை.