மகப்பேறு முதுநிலை மாணவர்களுக்கு மாவட்டத்தில் மூன்று மாதம்: பயிற்சியா, ஆள் நிரப்பலா?

இரண்டாமாண்டு மாணவி:
எம்.எஸ். மகப்பேறு படிப்பவர்களும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றியே தீர வேண்டும் என்பது 2020இல் வந்த விதி. 2021இல் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முடிக்காவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. மற்ற துறைகளைப் பற்றி நான் பேசவில்லை. எங்கள் துறைக்கு இது இழப்பு. படிப்பே மூன்று வருடம்தான். சிக்கலான கேஸ்கள் வந்து சேர்வது எழும்பூர், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற சென்னையின் பெரிய மகப்பேறு மருத்துவமனைகளில். பழைய சிசேரியன் தழும்புக்குள் நஞ்சுக்கொடி ஊடுருவிய தாயையும், இதய வால்வு சுருங்கிய கர்ப்பிணியையும் வேறெங்கே பார்ப்பது? என்னை அனுப்பிய மருத்துவமனையில் காலை முழுவதும் புறநோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், மதியம் கணினியில் பிக்மி, அதாவது கர்ப்பிணிகளின் விவரப் பதிவு, செய்தேன். ஒருவரும் ஒரு வகுப்பு எடுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் இடத்தை எங்களை வைத்து நிரப்புகிறார்கள்.

மாவட்டத்து மருத்துவர்:
உங்கள் கோபம் நியாயமானதம்மா. அதிலிருந்து நீங்கள் போய்ச் சேர்ந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்கு வரும் கேஸில் பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். ‘பிரசவம் முன்னேறவில்லை’ என்று சீட்டில் எழுதியே அனுப்பியிருப்பார்கள். அப்படி எழுதலாமா, இன்னும் இரண்டு மணி நேரம் பொறுக்கலாமா என்று யோசித்தவர் வேறொருவர். நீங்கள் அறுக்கக் கற்கிறீர்கள், பொறுக்கக் கற்பதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. இந்தக் கணக்குக்குப் பல காரணங்கள் உண்டு. நம் பயிற்சி முறையும் அதில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது, ஆனால் கருப்பை இறுகவில்லை, ரத்தம் நிற்கவில்லை. கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் ஓடுகிறது. ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல் வைத்துக் கருப்பையை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் போட்டாயிற்று. ரத்த சேமிப்பு மையத்தில் அந்த வகையில் இரண்டு பைதான் இருக்கிறது. கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்திப் பார்ப்பதா, வயிற்றைத் திறப்பதா, 108இல் ஏற்றுவதா? ஏற்றினால் வழி தாங்குமா? கல்லூரி மருத்துவமனையில் இதே நேரம் உதவிப் பேராசிரியரும் மூன்றாமாண்டு மாணவர்களும் சூழ்ந்து நிற்பார்கள். குளுக்கோஸ் பாட்டில் மாற்றுவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேலை.

இரண்டாமாண்டு மாணவி:
அந்த இரவில் என் பக்கத்தில் யார் நிற்பார்கள் சார்? நிபுணர் வீட்டிலிருந்து தொலைபேசியில் வழி சொல்வதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாயின் உயிரைப் பணயம் வைத்து நான் முடிவெடுக்கப் பழக வேண்டாம். மாவட்ட நிபுணரின் மேற்பார்வையில்தான் எங்களுக்குப் பணி என்று விதியே சொல்கிறது. ஆனால் 50 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனையே போதும் என்கிறது 2023 விதி. அந்த 50 படுக்கைக்கு எத்தனை மகப்பேறு நிபுணர் இருப்பார்கள்?

பிரசவ அறைச் செவிலியர்:
டாக்டரம்மா, கல்லூரியிலிருந்து வருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். கத்தி பிடித்தால் கை பறக்கிறது. ஆனால் வலியில் கிடக்கும் பெண்ணின் பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை. அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பு, நான்கு மணிக்கொரு முறை கருப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்ட்டோகிராஃபில், அதாவது பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் வரைபடத்தில், அப்போதைக்கப்போது குறிக்க வேண்டும். சிலர் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து மொத்தக் கோட்டையும் வரைகிறார்கள். அது பார்ட்டோகிராஃபே இல்லை. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய குழந்தையையும் அறுவை அரங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் இடத்தில் ஒரே தாயைச் சேர்க்கையிலிருந்து பிரசவம் வரை கூடவே இருந்து பார்க்க முடியும், அவ்வளவு கூட்டம் இல்லை. ஒன்று மட்டும் இந்தப் பெண்கள் சார்பில் சொல்கிறேன்: இரவில் படுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறைகூட இவர்களுக்கு ஒதுக்குவதில்லை. அதை யாராவது கேட்க வேண்டும்.

உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவன்:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிவிட்டு, அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கியவன். என்னை மறுபடி மாவட்டத்துக்கு அனுப்பி என்ன காட்டப்போகிறார்கள்? படித்து முடித்ததும் நான் திரும்பிப் போவது அதே ஊர்ப்பக்கம்தான். லேப்ராஸ்கோபி, கருப்பை வாய்ப் புற்றுநோய், குழந்தையின்மை சிகிச்சை என அங்கே இல்லாதவற்றை இங்கே கற்றுக்கொண்டு போனால்தானே அந்த ஊருக்கு நல்லது? அதற்கான மூன்று மாதத்தை ஏன் பிடுங்குகிறார்கள்?

மாவட்டத்து மருத்துவர்:
தம்பி, சுகாதார நிலையத்தில் இருந்தபோது நீங்கள் அனுப்பிவைக்கும் பக்கம் இருந்தீர்கள். மாவட்டத்தில் வாங்கிக்கொள்ளும் பக்கம். வலிப்பு வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு நீங்கள் ஏற்றி அனுப்பியிருப்பீர்கள்; அடுத்த ஆறு மணி நேரம் அவளை வைத்துக் காப்பாற்றுவது வேறு வேலை. மயக்க மருந்து நிபுணர் ஒரே ஒருவர், இரண்டு அவசர சிசேரியன் ஒன்றாக வந்தால் யாரை முதலில் எடுப்பது என்பதை லேப்ராஸ்கோபிக் கூடத்தில் கற்க முடியாது. லேப்ராஸ்கோபி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு 33 மாதம் இருக்கிறது.

மான்செஸ்டர் தமிழச்சி:
பிரிட்டனில் மகப்பேறுப் பயிற்சி ஏழு வருடம். பெரிய மருத்துவமனை, சிறிய மாவட்டப் பொது மருத்துவமனை என்று மாறி மாறிப் போகிறோம். ஊர் மாறுவதால் பயிற்சி கெட்டதாக இங்கே யாரும் குறைசொல்வதில்லை. ஆனால் போகும் ஒவ்வொரு இடத்திலும் என் கல்விக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருப்பார். இரவில் கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணர் வீட்டில் இருந்தாலும், ரெஜிஸ்ட்ரார் எனப்படும் அனுபவமுள்ள பயிற்சி மருத்துவர் மருத்துவமனைக்குள் இருப்பார். பெரும் ரத்தப்போக்கு நிற்காமல் போனால் கன்சல்டன்ட் நேரில் வந்தாக வேண்டும். எங்களை மதிப்பிடுவதுபோல் நாங்களும் அந்த மருத்துவமனையின் பயிற்சியை மதிப்பிடுகிறோம். தமிழ்நாட்டில் மாணவரின் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், அவரை அனுப்பிய இடத்தைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாமாண்டு மாணவி:
அக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் என் எதிர்ப்பை விடவில்லை. மூன்று நிபந்தனைகளுக்கு உடன்பட்டால் போகலாம். இரவிலும் மகப்பேறு நிபுணர் உள்ளேயே இருக்கும் சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையங்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஐந்தாவது செமஸ்டரில் அனுப்ப வேண்டும். மூன்றாவதில் அனுப்பினால் சிசேரியனே கைவந்திருக்காது. செய்த பிரசவங்களை லாக் புக்கில் அங்குள்ள நிபுணரே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மாவட்டத்து மருத்துவர்:
மூன்றாவது நிபந்தனைக்கு நாளைக்கே தயார். ஐந்தாவது செமஸ்டரும் சரி. விதியில் 3, 4, 5 எதுவும் ஆகலாம். கைதேர்ந்த மாணவர்களை விட்டுவிட்டு வார்டை ஓட்டக் கல்லூரிக்காரர்கள்தான் தயங்குகிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். முதல் நிபந்தனையில் மட்டும் உடன்பட மாட்டேன். எல்லா இரவும் நிபுணர் இருக்கும் இடத்துக்கு மட்டும் என்றால், யாருமே இல்லாத இடங்கள் என்றைக்கும் அப்படியே கிடக்கும்.

இரண்டாமாண்டு மாணவி:
அந்த இடங்களுக்கு அரசு நிபுணரை நியமிக்கட்டும் சார். அதன் பிறகு மாணவர்களை அனுப்பட்டும்.