1957 ஆம் ஆண்டின் 'மாயாபஜார்' தமிழ்ப் பிரதி தேவை

அன்புடையீர், வணக்கம்.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தில் முதியோருக்காக, காதலும் மாயமும் நகைச்சுவையும் ஒன்றாய்க் கலந்த பழைய படமொன்றைத் திரையிட எண்ணியுள்ளோம். கே. வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் இயக்கிய 'மாயாபஜார்' படத்தையே தெரிவுசெய்துள்ளோம். விரும்பிய பொருளைக் காட்டும் மாயப்பெட்டியில் மகள் வத்சலா தன் காதலன் அபிமன்யுவைக் காண, அவளது தாயாருக்கோ நகைகள் தெரிகின்ற காட்சி ஒன்றே போதும். வத்சலாவின் உருவில் வந்த கடோத்கஜன் மணமேடையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும்போது, நாணமுள்ள பெண்ணாகவும் முரட்டு அரக்கனாகவும் கணத்துக்குக் கணம் மாறும் சாவித்திரியின் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. தந்திரக் காட்சிகளை இன்றைய கணினி வரைகலை விஞ்சிவிடலாம். அந்த முகபாவத்தை விஞ்சாது என்பது என் துணிபு.

எம்மிடமுள்ள இறுவட்டில் ஒலி தெளிவில்லை. கடைகளில் விசாரித்தும் பயனில்லை. 2010 இல் வண்ணமூட்டி வெளியிடப்பட்டது தெலுங்குப் படம் என்பதால் அது எமக்கு உதவாது. ஜெமினி கணேசன் நடித்த கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தின் தெளிவான பிரதியையோ, அக்காலத்துப் பாட்டுப் புத்தகத்தையோ வைத்திருப்போர் இரவலாகத் தந்துதவுமாறு வேண்டுகிறேன். பொதுவில் திரையிடுவதற்கு யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவியுங்கள். யாழ்ப்பாண நகரத்துக்குள் எனில் நேரில் வந்து பெற்றுக்கொள்வேன்.