ஹவாய் மொழியில் இருவருக்கு நன்றி தெரிவிப்பது எப்படி?

கேள்வி:
ஹிலோ நகரில் வசிக்கும் மூத்த தம்பதியர் எனக்கு ஹவாய் மொழியின் தொடக்கப் பாடங்களை இணையவழியில் கற்பித்து முடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அம்மொழியிலேயே நன்றிக் கடிதம் எழுத விரும்புகிறேன். 'மஹலோ' என்ற சொல்லை அறிவேன். நாம் பெரியவர்களை 'நீங்கள்' என்று விளிப்பதைப் போல, முன்னிலைப் பன்மையான 'ஓவ்கோவ்' என்பதை அதனுடன் சேர்த்தால் மரியாதையாக இருக்குமா?

மறுமொழி 1:
அப்படி எழுத வேண்டாம். அம்மொழியின் முன்னிலைப் பெயர்கள் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் காட்டும், மரியாதையை அல்ல. ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவராயினும், 'ஓஎ' தான். மூவரும் அதற்கு மேற்பட்டோரும் என்றால் 'ஓவ்கோவ்'. இருவருக்கென்றே 'ஓலுஆ' என்ற தனிச் சொல் இருக்கிறது. வடமொழி படித்தவர்களுக்கு இந்த இருமை புதிதன்று. 'ஓவ்கோவ்' என்று எழுதினால், மூன்றாவதாக யாருக்கு நன்றி சொல்கிறீர்கள் என்று அவர்கள் யோசிக்க நேரிடும். 'மஹலோ நுயி இயா ஓலுஆ நோ கே கோக்குஆ' என்று எழுதுங்கள்; 'உதவிக்காக உங்கள் இருவருக்கும் மிக்க நன்றி' என்பது பொருள். இன்னும் அழுத்தம் வேண்டுமானால் 'நுயி' என்பதை 'நுயி லோஆ' ஆக்கலாம். 'மஹலோ' என்ற சொல்லிலேயே மதிப்பும் பாராட்டும் அடங்கியிருப்பதால், மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை.

மறுமொழி 2:
விடை சரியே. ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன மூன்று முன்னிலைப் பெயர்களும் 'ஓகினா' என்னும் குறியுடன் தொடங்குகின்றன. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியைக் குறிக்கும் அது, அம்மொழியின் எட்டு மெய்களுள் ஒன்று. அலங்காரத்துக்கு இட்ட மேற்கோள் குறி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. 'இயா'வின் இறுதி உயிருக்கும் 'கோக்குஆ'வின் முதல் உயிருக்கும் 'கஹகோ' என்னும் நெடிற்கோடு வேண்டும். 'மஹலோ'வில் இவ்விரண்டும் இல்லை. அதன் நடு அசை அழுத்தம் பெறுமே தவிர நெடில் ஆகாது. மூச்சைக் குறிக்கும் 'ஹா'வுடன் அச்சொல்லை இணைத்துப் பலர் விளக்கம் தருகிறார்கள்; அந்த 'ஹா' நெடில் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவர்கள் 'அஓலே பிலிக்கியா' என்று பதில் அனுப்பினால் மீண்டும் ஏதேனும் எழுத வேண்டுமா?

மறுமொழி 1:
தேவையில்லை. 'சிரமம் ஏதுமில்லை' என்று நன்றியை ஏற்றுக்கொள்ளும் வழக்கமான மறுமொழி அது. உங்கள் கடிதத்தின் முடிவில், கையொப்பத்துக்கு மேலே, 'நன்றியுடன்' என்ற பொருளில் 'மே கா மஹலோ' என்று எழுதலாம்.