இலங்கையின் நெடுந்தீவில் உள்ள அம்மாவின் காணியை என்ன செய்வது? கடலூரில் இருந்துகொண்டு ஊர்த் தொடர்பைக் காக்க வழி உண்டா?

முதுநகர்வாசி (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்த படுகொலைக்குப் பிறகு நெடுந்தீவை விட்டுப் புறப்பட்ட குடும்பம் எங்களுடையது. நான் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். என்னைப் போன்ற ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் அதை உறுதி செய்த பிறகு நானும் விண்ணப்பித்துக் கடவுச்சீட்டுப் பெற்றேன். அம்மாவின் நிலை வேறு. அவர் இன்றும் அகதிப் பதிவில்தான் இருக்கிறார். ஊருக்குப் போக வேண்டுமானால் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். அப்படிப் போய்விட்டால் இங்குள்ள பதிவு முடிந்துவிடும் என்பதால், பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வருவது விசாவைப் பொறுத்த காரியமாகிவிடும். ஆகவே அவர் போகவில்லை.

அவருக்குச் சீதனமாக வந்த ஒரு காணி அங்கே இருக்கிறது. பனைகளும் ஒரு கிணறும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலியும் உள்ள அந்த நிலத்தைப் பார்த்துவந்த உறவினர் வயது முதிர்ந்து யாழ்ப்பாண நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கனடாவில் உள்ள மாமா விற்றுவிடச் சொல்கிறார், அம்மா வாய் திறக்கவில்லை. தை மாதத்தில் உழவர் சந்தையில் பனங்கிழங்கு வாங்கி, பச்சையாகவே நெடுக்காகக் கிழித்து மொட்டை மாடியில் காயவைத்து ஒடியல் செய்வதை மட்டும் அவர் இன்றுவரை விடவில்லை. நல்ல கிழங்கை ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். மாவைப் பலமுறை ஊறவைத்துக் கசப்பை வடித்துக் கூழ் காய்ச்சினால், என் பிள்ளைகள் அதில் உள்ள இறாலையும் நண்டையும் மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

காணியை வைத்துக்கொள்வதில் பொருள் உண்டா? அதை விட்டுவிட்டால் என் பிள்ளைகளுக்கும் அந்தத் தீவுக்கும் இடையில் எஞ்சி நிற்கப்போவது எது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டையார் (புதுச்சேரி):

தம்பி, நான் புங்குடுதீவைச் சேர்ந்தவன். உணர்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் ஒருவர் பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளரைப் பொருட்படுத்தாமல் ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோரி நீதிமன்றத்துக்குப் போக முடியும். போரினால் வெளியேறியவர்களைக் காப்பதற்காக 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அது அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தப் பயனைக் கோருவதற்குக் கால எல்லை வைத்திருந்தார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஆளில்லாமல் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படுகிறது என்று வைத்துக்கொள்வது நல்லது.

மூல உறுதி (காணிப் பத்திரம்) கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைத் தேடி எடுக்க வேண்டும். அடுத்து, அங்கே நம்பகமான ஒருவருக்கு அம்மா அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையொப்பமிட்டுச் சான்று பெற முடியும். அதில் வேலி அடைக்கவும், வரி கட்டவும், பனையைக் குத்தகைக்கு விடவும் மட்டுமே அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதும் ஆயத்த வாசகங்களை நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) நீட்டுவார், வரி வரியாகப் படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் ஒரு காணி இப்படித்தான் கைமாறிப் போயிற்று.

நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதால் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது என்பது உண்மைதான். எனினும் வாரிசுரிமையாக வருவதற்கு அது விலக்கு அளிக்கிறது. அம்மாவுக்குப் பிறகு அது உங்களுக்கு வருவதற்குத் தடை இல்லை.

மாவிலித்துறை (நெடுந்தீவு):

இங்கேயே பிறந்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே வாழ்பவன் எழுதுகிறேன். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவில் இன்று ஐயாயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்கிறோம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம்; சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரமும் நிச்சயமில்லை. அவசர நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பக் கடலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இவற்றை நான் முறையீடாகச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் நெடுந்தீவு என்றதும் குதிரைகளையும் பெருக்க மரத்தையும் (பாவோபாப்) ஒல்லாந்தர் கோட்டையையும் படமாக அனுப்பிக்கொள்கிறார்கள். அவற்றுக்கு நடுவில் குடியிருப்பவர்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. திருவிழாவுக்கு ஒரு வளைவும் அதில் தம் பெயரும் வேண்டுமென்று பணம் அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

உங்கள் காணியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முருகைக்கல் வேலி சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாகப் பொருத்தி அடுக்கியது. ஓரிடத்தில் இரண்டு கல் சரிந்தால் அதன் வழியே மாடு நுழையும், மாடு நுழைந்தால் பக்கத்துக் கற்களும் சரியும், ஒரு மாரிக்குள் ஆள் நடக்கும் அளவுக்கு வழி திறந்துவிடும். அடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலைதான் இல்லை. லாஸ்பேட்டை அண்ணர் சொன்னபடி அதிகாரம் கொடுங்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினருக்குக் கொடுப்பதைவிட, இங்கேயே குடியிருக்கும் அயலவர் ஒருவருக்கு நொங்கும் ஓலையும் பனம்பழமும் எடுத்துக்கொள்ளும் உரிமையோடு எழுதிக் கொடுங்கள். தனக்குப் பயன் உள்ளவர் வேலியைத் தானே பார்ப்பார். ஆண்டுதோறும் அவரோடு கணக்குப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சில் ஊரின் சாவும் கல்யாணமும் மழையும் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

விற்க வேண்டாம் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். விற்றால் இங்கே குடியிருக்க வரும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள், இன்னொரு வெளிநாட்டுக்காரருக்கு விற்காதீர்கள்.

அந்தோனியார் பக்தை (கடலூர், தேவனாம்பட்டினம்):

தம்பி, நீங்கள் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்ததுண்டா? கச்சத்தீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. மாசி, பங்குனி வாக்கில் நடக்கும் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு நெடுந்தீவிலிருந்தும் மக்கள் வருவார்கள். இந்தியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. இராமேசுவரம் வேர்க்கோடு பங்கில் ஆதார் நகலுடன் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நான் போன முறை, எங்கள் படகில் வந்த ஒரு பாட்டி தன் தங்கையின் மகளை ஆலயத்தின் பின்புறத்து நிழலில் கண்டு, இருவரும் பொரிவிளாங்காயும் பினாட்டும் (பனம்பழக் கூழை உலர்த்தியது) மாற்றிக்கொண்டு மாலை வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அகதிப் பதிவில் உள்ள உங்கள் அம்மாவை அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் நீங்களும் பிள்ளைகளும் போகலாம். மீனவர் கைதுகளை எதிர்த்து இராமேசுவரம் மீனவர்கள் 2024-இல் திருவிழாவைப் புறக்கணித்தார்கள், அந்த ஆண்டு இங்கிருந்து படகு போகவில்லை. அப்படியும் நேரலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுநகர்வாசி (கடலூர்):

மூவருக்கும் நன்றி. மாவிலித்துறை ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, வடக்கு மூலையில் வேலி நிற்கிறதா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். அந்த மூலையை அவருடைய தகப்பனார் அடுக்கினாராம். மாமாவிடம் இப்போதைக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டேன், அவர் அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. நானே ஒருமுறை நேரில் போய் அயலவர் ஒருவரைப் பார்த்துப் பேசிவர எண்ணுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போவது நல்லதா, சென்னையிலிருந்து விமானத்தில் போவது நல்லதா?

லாஸ்பேட்டையார் (புதுச்சேரி):

கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போவது உங்களுக்கு எளிது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரையில் உள்ள காங்கேசன்துறையை அடைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள், ஆகவே ஐப்பசி முதல் தை வரை அதை நம்ப வேண்டாம். அவசரமென்றால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் உண்டு. இலங்கைக்கான இணையவழி முன்அனுமதியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, காலையில் குறிகட்டுவான் பேருந்தைப் பிடியுங்கள். அம்மாவின் உறுதியின் நகல் இரண்டு கையில் இருக்கட்டும். ஒன்றைக் கிராம அலுவலரிடம் காட்டிப் பேசிவிட்டுத்தான் காணிக்குள் கால் வைக்க வேண்டும்.

மாவிலித்துறை (நெடுந்தீவு):

வரும் தேதியை எழுதுங்கள், துறைமுகத்துக்கு வந்து நிற்கிறேன். வடக்கு மூலை எந்த ஒழுங்கையை (சந்தை) ஒட்டியது என்று அம்மாவிடம் கேட்டு அனுப்பினால், நீங்கள் வருவதற்கு முன்பே பார்த்துப் படம் எடுத்து வைக்கிறேன்.